கேபினை விட்டு இறங்காதவன்

உடும்பஞ்சோலையிலிருந்து நெடுங்கண்டம் போகிற ரோட்டில், ஏலத்தோட்டங்களுக்கு நடுவே, குடிதண்ணீர்க் குழாய் பதிக்கிற வேலை நடந்துகொண்டிருந்தது. ஜேசிபி ஓட்டியவன் சதீஷ். குழிக்குள் நின்று மண்ணை வாரி ஒதுக்கியவர் அவனுடைய அக்கா பூமாரியின் புருஷன் சங்கையா. பூமாரிக்கும் அங்கேதான் வேலை. குழாய்க்கு அடியில் போடுகிற மணலைச் சட்டியில் சுமந்து வந்து கொட்டுவாள். தோட்டத்தில் வேலை குறைந்த மாதம் என்பதால் இரண்டு பேரையும் சதீஷ்தான் சொல்லிச் சேர்த்துவிட்டிருந்தான்.

சதீஷ் வளர்ந்ததே அக்கா வீட்டில்தான். அம்மா இல்லாத வீட்டில் அப்பாவும் போன பிறகு, கல்யாணமான கையோடு பூமாரி அவனையும் கூட்டிக்கொண்டு சங்கையாவின் தோட்டத்து லயத்துக்கு வந்தாள். ஒற்றை அறையும் ஒரு சமையலறையும் உள்ள வீடு. புதுப் பெண்டாட்டியோடு மச்சினனும் வந்து படுத்துக்கொண்டதைப் பற்றிச் சங்கையா ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. பையனுக்குப் படிப்பு ஏறவில்லை என்று தெரிந்ததும், தானே நடந்துபோய் ஒரு ஜேசிபிக்காரரிடம் கேட்டு அவனைச் சேர்த்துவிட்டார். அவனை "மாப்ள" என்றுதான் கூப்பிடுவார். வேலைசெய்கிற இடத்தில் யாராவது அவனை அதட்டினால், அன்றைக்கு முழுக்க அந்த ஆளோடு பேசமாட்டார்.

அன்று காலையில் மழை விட்டிருந்தது. குழிக்குள் தண்ணீர் கசிந்து காலடியில் சேறாக நின்றது. ரோடு வளைகிற இடத்தில் பக்கெட்டோடு செம்மண்ணுக்குப் பதிலாக வெள்ளை மணலும் நாலைந்து உடைந்த செங்கல்லும் வந்தன. சங்கையா கையைத் தூக்கினார். சதீஷ் நிறுத்தினான். நிலத்துக்கடியில் எதையாவது புதைத்தால்தான் அப்படி மணல் போட்டு மேலே செங்கல் அடுக்குவார்கள் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

சூப்பர்வைசர் ஜோமோன் தொடுபுழைக்கார மலையாளி. நல்லவன்தான். வேலை மெதுவாகப் போகிறதென்று மேலிடத்தில் தினமும் ஏச்சு வாங்கிக்கொண்டிருந்தவன். அவன் மின்சார செக்ஷன் ஆபீசுக்குப் போன் போட்டான். அந்த ரோட்டில் எங்கள் லைன் எல்லாம் மேலே போஸ்ட் கம்பத்தில்தான் போகிறது, நிலத்துக்கடியில் ஒன்றும் இல்லை என்று பதில் வந்தது. பழைய குடிதண்ணீர் லைனும் இல்லை என்றார்கள். சங்கையா கடப்பாரையை வைத்து மெல்லக் குத்திப் பார்த்தார். மணல்தான் வந்தது. வானம் மறுபடி இருட்டிக்கொண்டு வந்தது. மண்ணிடிந்தபோது எங்கிருந்தோ வந்து சேர்ந்த கல்லாயிருக்கும் என்று ஜோமோன் சொன்னான். மெதுவாக எடுக்கச் சொன்னான்.

மேலே குன்றில் புதிதாக வந்திருந்த ரிசார்ட்டுக்குப் போஸ்ட்டிலிருந்து ஒரு கேபிளை நிலத்துக்கடியில் கொண்டுபோயிருக்கிறார்கள் என்பது அங்கிருந்த யாருக்கும் தெரியாது. அதன்மேல் நட்டிருந்த அடையாளக் கல்லை ரோடு அகலப்படுத்தியவர்கள் பிடுங்கிப் போட்டிருந்தார்கள் என்பதும் பிறகுதான் தெரிந்தது.

சதீஷ் கேபினிலிருந்து எட்டிப் பார்த்து, தள்ளி நிற்கும்படி சங்கையாவிடம் சொன்னான். அவர் குழிக்குள்ளேயே பின்னால் நகர்ந்துபோய், மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, "நின்னுட்டேன் மாப்ள, நீ எடு" என்றார்.

பக்கெட்டின் பல் எதிலோ கொளுவியது. வேர் மாதிரி இழுத்தது. அடுத்த கணம் குழி முழுக்க நீலமும் வெள்ளையுமாக ஒரு வெளிச்சம். வெடிச்சத்தம் மலையில் மோதித் திரும்பி வந்தது. சதீஷுக்குக் கண் இருண்டு, தெளிந்தபோது மூக்கில் கருகிய வாடை. பக்கெட்டிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. எங்கேயோ வண்டு ரீங்கரிப்பது போல ஒரு சத்தம். சங்கையா குழிக்குள் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தார்.

கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்துவிட்டான் சதீஷ். படியில் பாதம் படுவதற்குள் அந்தக் கால் தானாகவே நின்றது.

லைசென்ஸுக்காகக் கட்டப்பனையில் ஒரு வகுப்பு நடத்தியிருந்தார்கள். பாதிப் பேர் தூங்கினார்கள். கரண்ட் கம்பியில் மெஷின் பட்டுவிட்டால் மெஷின் மொத்தமும் கரண்ட்டாகிவிடும், அதைச் சுற்றியுள்ள ஈர மண்ணும் அப்படித்தான் என்று வகுப்பெடுத்தவர் சொன்னார். கேபினுக்குள் உட்கார்ந்திருக்கிறவனுக்கு ஒன்றும் ஆகாது. ஒரு கை மெஷினிலும் ஒரு கால் தரையிலுமாக இறங்குகிறவன் அந்த இடத்திலேயே முடிவான். தீப்பிடித்தால் மட்டும் எதையும் தொடாமல் இரண்டு காலையும் சேர்த்துக் குதிக்க வேண்டும், காலைப் பிரிக்காமல் தத்தித் தத்திப் போக வேண்டும். எல்லாரையும் வரிசையாக நிறுத்தித் தவளை மாதிரி தத்த வைத்தார். சிரிப்புத் தாங்கவில்லை அன்றைக்கு.

சதீஷ் காலை உள்ளே இழுத்துக்கொண்டான். பக்கெட்டை மட்டும் தூக்கிக் கேபிளை விட்டு விலக்க முடியுமா என்று லீவரைத் தொட்டான். பல்லில் மாட்டிய கேபிளும் சேர்ந்து மேலே எழும்பியது. கிழிந்த முனை சங்கையா கிடந்த பக்கமாகத் திரும்பியது. லீவரை விட்டுவிட்டான். தன் குரல் வெளியே கேட்க வேண்டுமென்று இஞ்சினை அணைத்தான்.

"கரண்ட்டு! யாரும் கிட்ட வராதீங்க! மெஷினத் தொடாதீங்க, குழிக்குள்ள எறங்காதீங்க!"

ஓடி வந்துகொண்டிருந்த இரண்டு பேர் அப்படியே நின்றார்கள். ஜோமோனுக்கும் அப்போதுதான் விஷயம் உறைத்தது. கைகளை விரித்துக்கொண்டு எல்லாரையும் பின்னால் தள்ளினான். "ஆரும் போகண்டா, ஆரும் போகண்டா" என்று கத்திக்கொண்டே, ரோட்டின் இரண்டு பக்கமும் ஆட்களை நிறுத்தி வண்டிகளைத் தடுக்கச் சொன்னான். ஒரு கையால் செக்ஷன் ஆபீசுக்குப் போன் போட்டு, கரண்ட்டை நிறுத்தச் சொல்லி அலறினான். ஆம்புலன்சுக்கும் சொன்னான். செய்ய வேண்டியதை எல்லாம் அவன் செய்தான். அதை இங்கே சொல்லத்தான் வேண்டும்.

பூமாரி மணல் குவியலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். சத்தம் கேட்டுத் திரும்பியவள் குழியில் புருஷன் தலை தெரியவில்லை என்றதும் சட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். ஜோமோன் குறுக்கே பாய்ந்து அவளை இடுப்போடு சேர்த்துப் பிடித்தான். அவள் அவன் கையைக் கடித்தாள். அவன் விடவில்லை.

அப்போது அந்த ரீங்காரம் நின்றுபோனது. வளைவில் இருந்த சாயாக்கடையில் எரிந்த விளக்கும் அணைந்தது. கரண்ட் போய்விட்டது என்று அங்கிருந்து யாரோ குரல் கொடுத்தார்கள்.

அதுதான் எல்லாவற்றையும்விட மோசமான நேரமாயிற்று. அதுவரை பயந்து விலகி நின்றவர்கள் ஒவ்வொரு அடியாக முன்னால் வந்தார்கள். இன்னும் எதற்காக நிற்க வேண்டும், போய்த் தூக்கலாமே என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். சதீஷுக்கும் கை கதவுப்பிடியில்தான் இருந்தது. ஆனால் வகுப்பில் கடைசியாகச் சொன்னது அவன் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது. போய்விட்டதென்று நினைக்கிற கரண்ட் திரும்பி வரும். எங்கே அறுந்தது என்று தெரியாத தூரத்தில் இருக்கிறவர்கள், எதற்காக நின்றது என்று பார்க்க மறுபடி போட்டுப் பார்ப்பார்கள். ஆள் வந்து, சுவிட்சைத் திறந்து லைனைத் துண்டித்து, எர்த் போட்டுக் கம்பியைப் பூமியோடு கட்டி, இறங்கு என்று சொல்லுகிற வரைக்கும் அது உயிரோடிருக்கிறது என்றே நினைக்க வேண்டும்.

அவன் குழியைப் பார்த்தான். கேபின் உயரத்திலிருந்து அவனுக்கு மட்டும்தான் உள்ளே தெரிந்தது. சங்கையாவின் முகம் பாதி சேற்றில் இருந்தது. சட்டை ஒரு பக்கம் கருகியிருந்தது. வலது கை வயிற்றுக்கு முன்னால் நீண்டு கிடந்தது. அந்தக் கையின் விரல்கள் மெதுவாக மடங்கின. பிறகு விரிந்தன. மறுபடி மடங்கின.

ஜோமோனும் கரண்ட் போய்விட்டதென்று நம்பத் தொடங்கியிருக்க வேண்டும். அவன் பிடி தளர்ந்துகொண்டிருந்ததைச் சதீஷ் பார்த்தான். பூமாரியும் அதை உணர்ந்து, ஒரு தோளை விடுவித்துக்கொண்டாள். அப்படியே தலையைத் தூக்கித் தம்பியைப் பார்த்துக் கேட்டாள்.

"சதீசு, மேல இருந்து பாருடா. அவருக்கு உயிர் இருக்கா? சொல்லுடா, உயிர் இருக்கா?"

இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இவளை ஜோமோன் மட்டுமல்ல, அங்கே நின்ற எல்லாரும் சேர்ந்தாலும் பிடித்து வைக்க முடியாது. அது அவனுக்குத் தெரியும். அவள் போனால் அவள் பின்னாலேயே இன்னும் இரண்டு மூன்று பேர் குதிப்பார்கள்.

"இல்லக்கா," என்றான்.

"என்னடா சொல்ற?"

"மச்சான் போயிட்டாருக்கா. முடிஞ்சிருச்சு. நீ வராத."

பூமாரி திமிறுவதை நிறுத்தினாள். ஜோமோன் விட்டுவிட்டான், விட்டும் அவள் போகவில்லை. ரோட்டிலேயே உட்கார்ந்தாள். முன்னால் வந்தவர்களும் நின்றுவிட்டார்கள். செத்தவருக்காக யாரும் குதிக்கப்போவதில்லை.

அவள் முதல் குரல் எடுத்து அழத் தொடங்கியபோது கரண்ட் திரும்பி வந்தது. மறுபடி அந்த வெளிச்சம், அந்த வெடி. மெஷின் ஊன்றி நின்ற இரும்புக் காலைச் சுற்றி ஈர மண் கொதித்து நுரைத்தது. பூமாரி ஓடியிருந்தால் எந்த இடத்தில் காலை வைத்துக் குழியில் இறங்கியிருப்பாளோ, அந்த இடத்தில் ஆவி எழுந்தது. முன் டயர் ஒன்று புகையத் தொடங்கியது. சதீஷ் சீட்டில் இரண்டு காலையும் சேர்த்து வைத்துக்கொண்டு, குதிக்க வேண்டி வந்தால் எங்கே குதிப்பது என்று பார்த்தான். வெளிச்சம் அணைந்தது. டயர் புகைந்து புகைந்து அடங்கியது.

மச்சானின் விரல்களைப் பார்த்தான். நின்றிருக்கும் என்று நினைத்தான். மன்னிக்க முடியாத விஷயம், நின்றிருக்க வேண்டும் என்றுகூட ஒரு கணம் விரும்பினான். நிற்கவில்லை. முன்னைவிட மெதுவாக, மடங்கின, விரிந்தன.

ரோட்டில் பூமாரி ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தாள். மாரில் அடித்துக்கொண்டு, என்னைய விட்டுட்டுப் போயிட்டியே, எம்மகளுக்கு என்ன பதில் சொல்வேன் என்று அவள் பாடி அழ, சுற்றி நின்ற பெண்களும் சேர்ந்து அழுதார்கள். சதீஷ் கேபினில் உட்கார்ந்து, அந்த ஒப்பாரியைக் கேட்டுக்கொண்டே, யாருக்காக அது வைக்கப்பட்டதோ அவருடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணை எடுக்கவில்லை. வேறு எதுவும் அவனால் செய்ய முடியவில்லை.

செக்ஷனிலிருந்து ஜோஸ் என்ற லைன்மேன் பைக்கில் வந்தார். எங்கிருந்து கேபிள் இறங்குகிறது என்று போஸ்ட்டைத் தேடிக் கண்டுபிடித்து, சுவிட்சைத் திறந்து லைனைத் துண்டித்தார். மீண்டும் போடக்கூடாது என்று சப்ஸ்டேஷனுக்குப் போனில் சொல்லி, அவர்கள் திருப்பிச் சொல்லும்வரை காத்திருந்தார். அந்தப் பக்கத்திலிருந்து கரண்ட் திரும்பி வராதபடி ரிசார்ட்டுக்கு ஆளனுப்பி ஜெனரேட்டரை நிறுத்த வைத்தார். நீளக் கம்பால் சோதித்து, எர்த் கம்பியைக் கட்டினார். ஒவ்வொன்றும் செய்ய வேண்டிய வேலைதான். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம் ஆனதென்று சதீஷால் இன்றைக்கும் சொல்ல முடியாது. கடைசியில் அவர் அவனைப் பார்த்துக் கையசைத்தார்.

சதீஷ் படியில் இறங்கவில்லை, நேரே குழிக்குள் குதித்தான். மச்சானைத் தோளோடு சேர்த்துத் தூக்கினான். மேலே இருந்தவர்கள் வாங்கி ரோட்டில் கிடத்தினார்கள். ஜோஸ் குனிந்து கழுத்தில் விரல் வைத்தார். நிமிர்ந்து, எல்லாருக்கும் கேட்கும்படி கத்தினார்:

"ஜீவனுண்டு!"

மலையில் பிறந்து வளர்ந்த பூமாரிக்கு அந்த மலையாளத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒப்பாரி பாதியில் நின்றது. அவள் தலையைத் தூக்கினாள். புருஷனைப் பார்க்கவில்லை. தம்பியைப் பார்த்தாள்.

நாடி நழுவத் தொடங்கியதும் ஜோஸும் ஜோமோனும் மாறி மாறி நெஞ்சை அழுத்தினார்கள். ஆம்புலன்ஸ் வந்தது. பூமாரி உள்ளே ஏறி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். சதீஷ் ஏறப்போனபோது கதவைச் சாத்திவிட்டார்கள். நெடுங்கண்டம் ஆஸ்பத்திரி வாசலை அடைவதற்குள் சங்கையா இறந்துபோனார்.

விசாரணை வந்தது. ரிசார்ட்காரர்கள்மேல் கேஸ் ஆயிற்று. ஜோமோனை வேலையிலிருந்து தூக்கினார்கள். சதீஷைக் கூப்பிட்டுக் கேட்ட அதிகாரிகள், அவன் நடந்துகொண்டது சரி என்றார்கள். கரண்ட் நின்ற அந்த இடைவெளியில் அவன் இறங்கியிருந்தால் சங்கையாவும் பிழைத்திருக்கமாட்டார், அவனும் போயிருப்பான் என்றார் ஒருவர். சதீஷ் தலையாட்டினான். ஆனால் அந்த இடைவெளியை அவன் மனதுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தான். சில தடவை, மச்சானைத் தோளில் போட்டுக்கொண்டு கரையேறிவிடுவதற்கு நேரம் இருந்தது போலத் தோன்றும். சில தடவை பாதியிலேயே வெளிச்சம் வந்துவிடும்.

லயத்தில் பேச்சு வேறு மாதிரி இருந்தது. வளர்த்தவர் குழியில் துடிக்கிறார், இவன் மேலே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தானாம், கேபினை விட்டு இறங்கவே இல்லையாம் என்றார்கள். சாயாக்கடைக்கு அவன் போனால் பேச்சு நிற்கும். பூமாரியை அவன் காப்பாற்றினான் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். அவர்கள் அதை மெதுவாகத்தான் சொன்னார்கள்.

அடக்கம் முடிந்து காரியத்துக்கு முந்தின நாள் வரைக்கும் பூமாரி அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. காரியத்தன்று அக்காவுக்குப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை போட வேண்டியவன் அவன் ஒருவன்தான். போடவிடுவாளா என்று தெரியாமல், முந்தின நாள் பகலில் அவள் வீட்டுக்குப் போனான். மகள் மோனிஷா முற்றத்தில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். மாமனைப் பார்த்து எழுந்து தள்ளி நின்றாள். பூமாரி உள்ளே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவன் வாசற்படியில் உட்கார்ந்தான்.

"அவரு உயிரோட இருந்தது ஒனக்குத் தெரியும்," என்றாள் பூமாரி.

"தெரியும்க்கா."

"எப்பிடித் தெரியும்?"

"கை அசஞ்சுச்சு. வெரல மடக்கி மடக்கி விரிச்சாரு."

"எம்புட்டு நேரம்?"

அவன் வாசற்படி மண்ணை விரலால் கீறினான். அவள் மறுபடி கேட்டாள்.

"நான் எறங்குற வரைக்கும் அசஞ்சுச்சு."

முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். பிறகு அதை எடுத்துவிட்டுச் சொன்னாள்.

"நீ சொல்லியிருந்தா நான் போயிருப்பேன். போயிருந்தா செத்திருப்பேன். இதெல்லாம் எனக்குப் புரியாம இல்ல. ஜோமோன் வந்து சொல்லிட்டுத்தான் போனாரு."

"அதுக்குத்தான்க்கா..."

"இரு. நான் ஒப்பாரி வச்சேன்டா. உயிரோட கெடக்குற மனுசனுக்கு, அவரு காது கேக்க ஒப்பாரி வச்சேன். நீ மேல உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்த. அது அவருக்குக் கேட்டிருக்குமா?"

கேட்டிருக்காது, நினைவே இருந்திருக்காது என்ற பதில் வாய்வரை வந்தது. ஆஸ்பத்திரியில் யாரோ அப்படித்தான் சொன்னார்கள். அவனுக்கு உண்மையில் தெரியாது. அவள் சத்தம் ஓங்கியபோதெல்லாம் அந்த விரல்கள் கொஞ்சம் வேகமாக மடங்கியது போல இருந்தது. அது தன் கண்ணின் மயக்கமா என்றும் தெரியாது.

"தெரியலக்கா," என்றான்.

பூமாரி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, "நாளைக்குக் கோடிய நீயே போடு. ஊர் பேசக்கூடாது," என்றாள்.

மறுநாள் போட்டான். அவள் குனிந்து வாங்கிக்கொண்டாள்.

கொஞ்ச காலம் சதீஷ் வண்டி எடுக்கவில்லை. ஏலக்காய் ஸ்டோரில் மூட்டை தூக்கினான். வேறு வழியில்லாமல் மறுபடி அதே தொழிலுக்கு வந்தான். இப்போது அவன் ஓட்டுகிற இடத்தில், முதலில் ஆளை விட்டுக் கையால் தோண்டிப் பார்க்காமல் பக்கெட்டை மண்ணில் வைப்பதில்லை. மணலோ செங்கல்லோ தென்பட்டால், யார் சொன்னாலும் அன்றைக்கு அந்த இடத்தில் வேலை இல்லை. இவன் பயந்தாங்கொள்ளி என்று இரண்டு காண்ட்ராக்டர்கள் அவனைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு நாள், காலேஜிலிருந்து வந்த பஸ் சறுக்கி ரோட்டோரத் தடுப்புக் கட்டையில் மோதியது. உள்ளே மோனிஷா இருந்தாள். தகவல் தெரிந்து முதலில் ஓடியவன் சதீஷ். நெற்றியில் ஒரு வெட்டு, கையில் சிராய்ப்பு. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு உட்கார வைத்திருந்தார்கள். அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, அக்காவுக்குப் போன் போட்டான்.

"ஒண்ணும் இல்லக்கா. சின்ன அடிதான். நல்லாருக்கா."

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. தோட்டத்தில் காற்று அடிக்கிற சத்தம் கேட்டது.

"நல்லாருக்காக்கா. எம்பக்கத்துலதான் உக்காந்திருக்கா."

"போன அவகிட்டக் குடு," என்றாள் பூமாரி.

கொடுத்தான். மோனிஷா அம்மாவிடம் பேசினாள். தனக்கு ஒன்றுமில்லை என்று சொன்னாள். இரண்டாவது தடவையும் சொன்னாள். வலிக்கிறதா என்று கேட்டிருக்க வேண்டும், இல்லை என்றாள். டீ குடிப்பதாகச் சொன்னாள். அம்மா கேட்கக் கேட்க, தான் போட்டிருக்கிற சுடிதாரின் நிறத்தைக்கூடச் சொன்னாள். சதீஷ் எழுந்து, வராந்தாவின் கோடிக்குப் போய் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பேச்சு முடிகிற மாதிரி இல்லை.